எழுத்தும் ஜீவனமும்

சங்கப் புலவர்களுள் தம் தொழிலின் மானத்தையும் தம் வீட்டின் பசியையும் ஒருங்கே வெளிப்படையாகப் பேசியவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால், பெருஞ்சித்திரனாரையே சுட்ட வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பியபோது, முகம் பாராமல் விட்டெறியும் பொருளைப் பெற்றுக்கொண்டு போகத் தாம் வியாபாரி அல்லர் என்று பாடி அதை மறுத்தார். இளவெளிமான் தகுதிக்குக் குறைந்ததைக் கொடுத்தபோது அதையும் தள்ளிவிட்டுக் குமணனிடம் சென்று, அவன் அளித்த யானையைக் கொண்டுவந்து இளவெளிமானுடைய காவல்மரத்திலே கட்டிவிட்டு, ‘இதுவும் ஒரு பரிசில், பார்’ என்று காட்டிப் போனார். புலவர் குலத்தின் பெருமிதத்துக்கு உதாரணமாக இச்சம்பவங்களை நாம் பள்ளிப் பிராயத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். ஆயினும், எழுதிப் பிழைப்பதை ஒரு தொழிலாகக் கொண்டு அதன் பூர்வோத்தரங்களை ஆராயப் புகுகிறவனுக்கு இவற்றினூடே வேறொரு செய்தியும் புலப்படும். எவ்வளவு கொடுப்பது என்பதைக் கொடுப்பவனே தீர்மானித்தான். எப்போது கொடுப்பது என்பதையும் அவனே தீர்மானித்தான். புலவருக்கு மிஞ்சியிருந்தது மறுக்கும் உரிமை ஒன்றே. வயிற்றுக்கில்லாத நிலையிலும் அவ்வுரிமையைப் பிரயோகித்தவர்கள் இருந்தார்கள் என்பது நம் பாக்கியம். ஆனால் பாட்டைப் பாடுவதற்கு முன்னே அதற்குரிய பொருளைப் பேசி முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே அன்று தோன்றவில்லை. அரசர்களும் குறுநில மன்னர்களும் மறைந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்பும் தோன்றவில்லை என்பதுதான் நம் எழுத்தாளர்களுடைய பொருளாதாரச் சரித்திரத்தின் சாரமான விஷயம்.

பட்டினப்பாலைக்காகக் கரிகாலன் 16 லட்சம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப்பரணி கூறுகிறது. பரணி பாடிய சயங்கொண்டார் கரிகாலனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். அவர் பாடியதோ கரிகாலன் மரபிலே வந்தவனாகக் கொண்டாடப்பட்ட குலோத்துங்கனை. ஆகவே அந்தத் தொகையைச் சரித்திரக் கணக்காகக் கொள்வதைவிட, முன்னோர் கொடுத்த சம்மானத்தைத் தம் அரசனுடைய காதில் நயமாகப் போட்டுவைத்த சாமர்த்தியமாகக் கொள்வதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. விலையை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் இப்படித்தான் சொன்னார்கள்.

சமஸ்தானங்களும் மடங்களும் கோயில்களுமே ஆதரவாக இருந்த 19-ஆம் நூற்றாண்டில் இத்தொழிலின் பூரணமான உருவத்தைக் காண விரும்புகிறவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1815-ல் பிறந்து 1876-ல் மறைந்த அவர் 20-க்கு மேற்பட்ட தலபுராணங்களையும், அவற்றோடு கோவை, உலா, பிள்ளைத்தமிழ், அந்தாதி என்று எண்ணிலாத பிரபந்தங்களையும் இயற்றினார். அவற்றுள் பெரும்பாலானவை ஒருவர் வேண்டிக்கொள்ள இயற்றப்பட்டவை. ஓர் ஊரிலே கோயில் திருப்பணியோ கும்பாபிஷேகமோ நடந்து, அவ்வூர்ப் பிரபுக்களுக்குத் தங்கள் தலத்துக்கும் ஒரு தமிழ்ப் புராணம் வேண்டும் என்ற ஆசை உண்டானால், வடமொழியிலுள்ள ஸ்தல மாகாத்மியத்தைத் தமிழ் வசனமாக எழுதச் செய்து பிள்ளையவர்களிடம் சேர்ப்பிப்பார்கள். அவர் அதை உள்ளத்திலே வாங்கிக்கொண்டு, நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு முதலிய அங்கங்களை அமைத்து, செய்யுள் செய்யுளாகச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஒருவர் ஏட்டிலே எழுதிக்கொண்டு வருவார். திருப்பெருந்துறைப் புராணம் உருவான காலத்தில் அவ்வாறு எழுதும் பேறு உ. வே. சாமிநாதையருக்குக் கிடைத்தது, எழுத்தாணி ஓடும் வேகத்துக்கு வாக்கு முந்தும் அந்த விந்தையை அவர் தம் ஆசிரியரின் சரித்திரத்திலே ஆசை தீர எழுதியிருக்கிறார்.

நூல் முடிந்த பின் அரங்கேற்றம். கோயில் மண்டபத்திலே நாள்தோறும் சில பகுதிகளைப் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டு வர, பண்டிதரும் பாமரரும் கூடிக் கேட்பார்கள். அது மாதக்கணக்கிலும் நீள்வதுண்டு. பூர்த்தியாகும் நாளிலே சுவடிக்கு உற்சவமும், ஆசிரியருக்குச் சால்வை, பீதாம்பரம், ரொக்கம் முதலிய மரியாதைகளும் நடக்கும். இந்த ஏற்பாட்டிலே வெளிக்குத் தெரியாத குறை என்னவென்றால், புராணம் சொல்லி முடித்து, அரங்கேற்றமும் முடியும் வரையில் ஆசிரியரின் குடும்பத்துக்கும், அவரையே அண்டி உண்டு படித்துக்கொண்டிருந்த மாணாக்கர் கூட்டத்துக்கும் வேண்டிய அரிசி கடையிலே கடனாகத்தான் வரவேண்டும். பரிசாக வந்த தொகை கடனுக்குப் போய்விட, அடுத்த புராணத்துக்கு அடுத்த கடன் தொடங்கும். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும், சுப்பிரமணிய தேசிகரின் அன்பும், மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளை போன்றோரின் நட்பும் இருந்தும் பிள்ளையவர்களைக் கடன் கடைசிவரை விடவில்லை. மாணாக்கரிடம் அவர் ஒன்றும் வாங்கியதில்லை. அவர்களுக்குச் சோறிட்டே பாடம் சொன்னார். உலகியல் அறிந்தோர் இதை அவருடைய கைந்நெகிழ்ச்சி என்று குறை கூறலாம். குறை அவருடையது அன்று என்பதே என் அபிப்பிராயம். தமிழ்நாட்டிலேயே அவருக்கு நிகரான கவி இல்லாதபோது, வேலை தொடங்கும்போதே ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுப்பது முறை என்று வேண்டிக்கொண்டவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேட்பது புலவருக்கு இழுக்கு என்று எல்லோரும் நினைத்தபடியால், கொடுப்பவர்களுக்கு அது வசதியாயிற்று.

அச்சு வந்ததும் இந்த முறை தலைகீழாயிற்று. கையொப்பம் வாங்கிப் புஸ்தகம் போடும் வழக்கம் அப்போது பரவியது. இன்ன நூல் அச்சிடப் போகிறோம், விலை இவ்வளவு, வேண்டுவோர் இப்போதே கையொப்பம் செய்க என்று ஒரு விளம்பரப் பத்திரிகையை அச்சிட்டு ஊரூராகப் போய்க் கனவான்களைக் கண்டு பேரெழுதி வாங்குவார்கள். 1887-ல் சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் இப்படியே கையொப்பம் சேர்த்தார். ஆனால் கும்பகோணம் காலேஜில் மாதச் சம்பளம் பெறும் ஆசிரியராக அவர் இருந்தார் என்பதை மறக்கலாகாது. 1880-ல் தியாகராச செட்டியார் தம் ஸ்தானத்தை அவருக்குக் கொடுத்து விலகிய அந்தக் காரியம் நடைபெறாதிருக்குமானால், பழைய ஏடுகளைத் தேடிக்கொண்டு ஊர்சுற்றும் செல்வாக்கும் அவகாசமும் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? கையொப்பமிட்டவரெல்லாம் பணம் அனுப்புவர் என்பதற்கு உறுதியும் கிடையாது. நூலின் முன்னே பக்கம் பக்கமாக அச்சிட்ட சிறப்புப்பாயிரங்களையும் சாற்றுகவிகளையும் இன்று படிப்போர் அவற்றை வெறும் முகஸ்துதியாகக் கருதிப் புரட்டிவிடுவார்கள். சாற்றுகவி தந்த வித்துவானின் மாணாக்கரும் அபிமானிகளும் புஸ்தகத்தை வாங்குவார்கள் என்ற வியாபார நோக்கமும் அவற்றின் பின்னே இருந்தது.

இதே காலத்தில் சென்னைக் குஜிலிக் கடைகளிலே காலணா, அரையணாப் பாட்டுப் புஸ்தகங்கள் மலிந்து கிடந்தன. கொலை, வெள்ளம், ரயில் விபத்து எது நடந்தாலும் ஈரம் காயுமுன் சிந்தாகப் பாடி அச்சேற்றிய அந்தப் பாவாணர்களைப் பண்டிதர்கள் மதிக்கவில்லை. மதிப்புக் குறைந்த அவர்களே, பிரபுவையோ மடத்தையோ நம்பாமல் தெருவிலே போகும் ஜனங்களின் சட்டைப்பையை நம்பி எழுதிய முதல் தமிழ் எழுத்தாளர்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அந்த நம்பிக்கையை நாவலுக்குக் கொண்டுவந்தார்; அரசாங்க உத்தியோகத்தை விட்டு, ‘மனோரஞ்சனி’ என்னும் பத்திரிகையைத் தாமே நடத்தி, துப்பறியும் கதைகளை அதன் மூலம் வாசகருக்கு அளித்தார். நின்றுபோன ‘ஜகன்மோகினி’யை 1925-ல் ஏற்று நடத்தத் தொடங்கிய வை. மு. கோதைநாயகி அம்மாளும் தம் நாவல்களைத் தம் பத்திரிகையிலேயே தொடராக வெளியிட்டார். முறையான பள்ளிப் படிப்பில்லாத ஒரு பெண்மணி 100-க்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, பத்திரிகையையும் நிர்வகித்தது நம் இலக்கியச் சரித்திரக்காரர்கள் ஒரு வரியிலே கடந்துபோகும் விஷயமாக இருப்பது நியாயமன்று. அந்நாவல்களின் இலக்கியத் தரத்தைப் பற்றி விவாதிப்போர் விவாதிக்கட்டும். அவை யாருடைய சொத்து என்பதிலே விவாதத்துக்கு இடமிருக்கவில்லை.

இரண்டு யுகங்களுக்கும் நடுவே நின்று இரண்டினாலும் அலைக்கழிக்கப்பட்டவர் பாரதியார். எட்டயபுரம் சமஸ்தானத்துச் சேவகத்தை உதறிவிட்டு, சில மாதங்கள் மதுரையில் தமிழாசிரியராக இருந்து, 1904-ல் சுதேசமித்திரனுக்கு உதவியாசிரியராகச் சென்னை வந்து சேர்ந்தவர் அவர். புதுச்சேரி வாசம் முடிந்து கடையத்தில் தங்கியிருந்தபோது, 1919-ல், எந்த அரண்மனையை விட்டு வெளியேறினாரோ அதே எட்டயபுரத்து ராஜாவுக்குப் பழைய புலவர் முறைப்படி சீட்டுக்கவி எழுதினார். பயன் ஒன்றும் விளையவில்லை. மறு வருஷம் அதே மனிதர் வேறொரு கடிதம் எழுதினார். தம் நூல்களையெல்லாம் 40 பகுதிகளாக்கி, பகுதிக்கு 10,000 பிரதி அச்சிட்டு, தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல எளிய விலையில் எங்கும் விற்கச் செய்வதென்றும், அச்சுச் செலவுக்கு அன்பர்கள் கடன் தந்தால் வட்டியோடு திருப்புவதென்றும் அதிலே கண்டிருந்தது. சீட்டுக்கவிக்கும் இந்தச் சுற்றறிக்கைக்கும் இடையே ஓராண்டுதான். ஆனால் ஈராயிரம் வருஷத்துப் பழக்கம் அந்த இடைவெளியிலே கழன்று விழுந்திருக்கிறது. இங்கே பிரபு இல்லை, பரிசில் இல்லை. மூலதனம், வட்டி, பிரதி எண்ணிக்கை, விலை என்ற பாஷையிலே ஒரு மகாகவி பேசுகிறார். இத்திட்டத்தை நண்பர்கள் கற்பனை என்று கருதினார்களோ, கையில் பணமில்லாமலே மௌனமாயிருந்தார்களோ, கடன் வந்து சேரவில்லை. மீண்டும் சுதேசமித்திரனுக்கே வந்து, 1921-ல் காலமானார். திட்டம் பிழையன்று என்பதைப் பிற்காலத்து மலிவுப் பதிப்புகள் நிரூபித்தன. 1949-ல் சென்னை அரசாங்கம் அவர் நூல்களின் உரிமையை வாங்கிப் பின்னர்ப் பொதுவாக்கிய பிறகு, அவர் கணக்கிட்ட எண்ணிக்கைகளெல்லாம் சிறியவையாகிவிட்டன.

வாரப் பத்திரிகைகளின் காலம் இதன் பின் வருகிறது. விளம்பர வியாபாரத்திலே அனுபவம் பெற்ற எஸ். எஸ். வாசன் 1928-ல் ‘ஆனந்த விகட’னை வாங்கியபின், கதைக்குச் சன்மானம், போட்டிக்குப் பரிசு என்பவை எழுதுகிற இளைஞர்களின் கனவிலே இடம்பெற்றன. தபால் தலை ஒட்டிய உறையொன்றை உடன்வைத்துக் கதையை அனுப்புவதும், அந்த உறையே கனத்தோடு திரும்பி வருவதும் அக்கால எழுத்தாளர் வீடுகளிலே நித்திய நிகழ்ச்சி. 1933-ல் பிறந்த ‘மணிக்கொடி’யோ, கொடுக்க ஒன்றுமில்லாத பத்திரிகை; ஆயினும் சிறுகதைக் கலையின் உன்னதங்கள் அதிலேதான் வந்தன. புதுமைப்பித்தன் பகலிலே ‘தினமணி’யில் மொழிபெயர்ப்பும் தலையங்க வேலையுமாக உழைத்து, எஞ்சிய நேரத்தில் கதை எழுதினார். 1943-ல் டி. எஸ். சொக்கலிங்கத்தோடு அங்கிருந்து விலகி, ‘தினசரி’க்கும் பிறகு சினிமாவுக்கும் போய், சொந்தப் படக் கம்பெனி ஒன்றிலும் பொருளை இழந்து, க்ஷயரோகத்தோடு 1948-ல் திருவனந்தபுரத்தில் 42-ஆம் வயதிலே மாண்டார். ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி வேறு வழி கண்டவர். சம்பளத்துக்கு எழுதிய விகடனை விட்டு விலகி, சதாசிவத்தோடு சேர்ந்து 1941-ல் தம் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். ‘சாவித்திரி’ படத்தில் சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலக்ஷ்மி நாரதராக நடித்துப் பெற்ற பணம் அதற்கு மூலதனமாயிற்று. இருவருடைய எழுத்தின் தராதரத்தை ஒப்பிட்டு வழக்காடும் நம் விமரிசகர்கள், ஒருவர் தம் எழுத்தை வெளியிடும் ஸ்தாபனத்திலே பங்குடையவராகவும், மற்றவர் வாழ்நாளின் பெரும்பகுதி பிறருடைய ஸ்தாபனத்திலே கூலிக்கு உழைப்பவராகவும் இருந்த வித்தியாசத்தைக் கணக்கிலே சேர்ப்பதில்லை.

புஸ்தக விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். அவசரத்துக்கு ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டு உரிமையை எழுதிக்கொடுத்துவிடுவதும், பிறகு பதிப்பின்மேல் பதிப்பாக வருவதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதும் சர்வ சாதாரணம். இதற்கு உடன்படாதவர்களில் மு. வரதராசனார் குறிப்பிடத்தக்கவர், தம் நாவல்களைத் தாமே பதிப்பித்து, விற்பனையை மாத்திரம் பாரி நிலையத்திடம் ஒப்படைத்தார். அவருக்கும் காலேஜ் சம்பளம் பின்பலமாக இருந்தது. சம்பளமே இல்லாதவர்கள் ஒன்றுசேர்ந்து என்ன செய்யலாம் என்பதை மலைக்கு அப்பால் மலையாளிகள் காட்டினார்கள்: 1945-ல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதல் போட்டு ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம், ஆசிரியருக்கு விலையில் 30 சதவீதம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 10 சதவீதம் ஒழுங்காகக் கிடைத்தாலே அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த அளவிலே ஒரு சங்கம் இங்கே வேரூன்றாததற்குப் பிரசுரகர்த்தர்களை மட்டும் குற்றம் சாட்டிப் பயனில்லை. மலையாள வாசகர் புஸ்தகம் வாங்கினார். நம் வாசகர் பத்திரிகை வாங்கினார். வாரந்தோறும் வந்த தொடர்கதையை மணியம், கோபுலு போன்றோர் வரைந்த சித்திரங்களோடு பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, காலிகோ போட்டுப் பைண்டு செய்து, முதுகிலே பெயரும் பொறித்து, வீட்டிலே மூன்று தலைமுறை படிக்கும்படி பத்திரப்படுத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது. அதன் பிறகு அந்த நாவலை அச்சுப் புஸ்தகமாக வாங்க யார் போவார்கள்? அத்தகைய தொகுதிகள் மூர் மார்க்கெட்டுப் பழைய புஸ்தகக் கடைகளில் நல்ல விலைக்குக் கைமாறின. எழுதியவருக்கு அதில் ஒரு காசும் சேரவில்லை.