பேரனின் மீனும் அக்பரின் புலியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

கோடை விடுமுறைக்கு கைலாசபுரத்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வெயில் தாழும்வரை வெளியே போக முடியாது. நான்காம் வகுப்பு முடித்த பேரன் வராந்தாவில் போக்கிமான் அட்டைகளைப் பரப்பி, "தாத்தா, நீங்களும் ஆடுங்க" என்று உட்கார வைத்துவிட்டான்.

என் கையில் மேஜிகார்ப் என்று ஒரு மீன் வந்தது. உடனே அதை முன்வரிசையில் வைத்தேன். ஒரே அடி, போய்விட்டது. அவன் ஒரு பரிசு அட்டையை எடுத்துக்கொண்டான். ஆறு பரிசு எடுத்தால் வெற்றி.

"அதை முன்னாடி வைக்கக் கூடாது தாத்தா. பெஞ்சில உட்கார வைக்கணும். முன்னாடி பலசாலி ஒருத்தன் அடி வாங்கட்டும். நீங்க ஒவ்வொரு முறையும் மீனுக்கு எனர்ஜி அட்டை போட்டுட்டே வாங்க. இறக்கின அதே முறையில அது மாறாது. அப்புறம் கியாரடோஸா மாத்தலாம். போட்ட எனர்ஜி எல்லாம் அப்படியே இருக்கும்" என்றான்.

முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் நான். அன்று மாணவன் ஆனேன்.

இந்த விளையாட்டு 1996-ல் ஜப்பானில் வந்தது. ஆனால் உயிரினங்களை அட்டையில் வரைந்து ஆடுவது நமக்குப் புதிதல்ல. கஞ்சிஃபா என்ற வட்ட அட்டைகள் மொகலாயர் காலத்தில் பரவின. 1527-ல் பாபர், சிந்துவை ஆண்ட ஷா ஹசனுக்கு இந்த அட்டைகளை அனுப்பியதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அக்பரின் கட்டை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் வர்ணிக்கிறார். 12 பிரிவு, பிரிவுக்கு 12 அட்டை, மொத்தம் 144. குதிரைகளின் தலைவன், யானைகளின் தலைவன் என்று தொடங்கி, காட்டு விலங்குகளின் தலைவன், பாம்புகளின் தலைவனில் முடியும். காட்டு விலங்குப் பிரிவுக்குப் புலிதான் ராஜா, சிறுத்தை மந்திரி.

பிறகு நம் ஆட்கள் அதைத் தசாவதாரக் கஞ்சிஃபா ஆக்கினார்கள். 10 பிரிவு, 120 அட்டை. மச்ச அவதாரத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியிலும், வங்காளத்தின் விஷ்ணுபூரிலும், ஒடிசாவிலும் இன்றும் கையால் வரைகிறார்கள்.

இதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. பாதிப் பிரிவுகளில் ராஜா, மந்திரிக்கு அடுத்து பத்துதான் பெரியது. மீதிப் பாதியில் அப்படியே தலைகீழ்: ஒன்று பெரியது, பத்து கடைசி. இன்னொன்று, துருப்பு கிடையாது. மந்திரி அட்டை கையில் இருந்தாலும் ராஜா இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மேலே இருப்பவை எல்லாம் போய்விட்டால் சின்ன அட்டையே பெரிய அட்டை. எது போயிற்று, எது பாக்கி என்று மனதில் கணக்கு வைத்திருப்பவன் ஜெயிப்பான். பேரன் மீனைப் பெஞ்சில் உட்கார வைத்ததும் இதே பாடம்தானே?

பக்கத்திலேயே திருவெறும்பூர். அசுரன் கண்ணில் படாமல் சிவனை வழிபட தேவர்கள் எறும்பானார்கள் என்பது அந்த ஊர்த் தல புராணம். சிறிய உருவத்துக்கும் ஒரு வேலை உண்டு என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பழைய காலண்டர் அட்டையை வெட்டி யானை, புலி, பாம்பு, கீரி என்று வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தானே விதி எழுதி வைத்திருந்தான். பாம்பு யானையை வெல்லும், கீரி பாம்பை வெல்லும். கடைசி பெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தபோது பிடித்தேன். வகுப்பு முன்னால் கிழித்துப் போட்டேன். அன்று நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் எது தெரியுமா? அக்பர்.

அவன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதன்பின் அந்த வருடம் முழுவதும் என் வகுப்பில் அவன் கை தூக்கவே இல்லை. பாடத்தில் கவனம் வேண்டும் என்று நான் நினைத்ததில் தப்பில்லை. அட்டைகளை வாங்கி மேசையில் வைத்திருக்கலாம். மணி அடித்த பிறகு, "இந்த விதியை எனக்கும் சொல்லுடா" என்று கேட்டிருக்கலாம். புத்தகத்தில் ஒரு பாதுஷா செய்ததை ரசித்த எனக்கு, எதிரே ஒரு பிள்ளை செய்ததைப் பார்க்கத் தெரியவில்லை.

தம்பி, இப்போது உனக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு. கீரியை எது வெல்லும் என்று நீ எழுதியிருந்தாய், நான் படிக்காமலே கிழித்துவிட்டேன். முடிந்தால் கமெண்டில் சொல்லு.

ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகள் கையில் இருப்பதைப் பறிக்கும் முன் ஒரு முறை பாருங்கள்.

நேற்று மறுபடி ஆடினோம். மீனைப் பெஞ்சில் வைத்தேன். அப்படியும் தோற்றேன். ஆனால் பேரன் மூன்று பரிசு அட்டைகள் எடுக்கவிட்டான்.