எஞ்சினைப் பிரிச்சு வேலை பார்த்தா விசைப்படகோட வேகம் கூடுமா? ஹெச்.பி. கணக்கு இதுதான்!

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளுக்கு ஓய்வு, ஆனால் பட்டறைகளுக்கு இதுதான் சீசன். படகைக் கரையேற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலையைச் சரிசெய்வது என வேலைகள் வரிசை கட்டும். அதில் பெரிய செலவு வைப்பது எஞ்சின் வேலை.

"எப்படியும் எஞ்சினைப் பிரிக்கிறோம். அப்படியே இன்னும் 50 ஹெச்.பி. ஏத்திட்டா என்ன?" இந்த யோசனையும் அப்போதுதான் வரும். ஏற்ற முடியுமா என்றால், முடியும். ஆனால் ஏற்றிய சக்தி படகை நகர்த்துமா, எஞ்சின் தாங்குமா, சட்டம் அனுமதிக்குமா என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்போர்டு எஞ்சின் என்றால் என்ன?

ஃபைபர் படகுகளின் பின்பக்கம் வெளியே தொங்குவது அவுட்போர்டு எஞ்சின். விசைப்படகின் உள்ளே, அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பது இன்போர்டு. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ், அதிலிருந்து ஷாஃப்ட், ஷாஃப்ட்டின் முனையில் நீருக்குள் சுற்றும் விசிறி, அதாவது புரொப்பல்லர். சக்தி கடலுக்குப் போகும் பாதை இதுதான்.

அசோக் லேலண்ட் போன்ற நிறுவனங்களின் படகு எஞ்சின்கள் பல, லாரி எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு கடலுக்கு ஏற்ப மாற்றப்பட்டவை. ரேடியேட்டருக்குப் பதிலாகக் கடல்நீரால் குளிர்விக்கும் அமைப்பு இருக்கும்.

ஹெச்.பி. எங்கிருந்து வருகிறது?

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். டீசல் எஞ்சினில் அது காற்றும் டீசலும் சேர்ந்து எரிவதில் இருந்து வருகிறது. கூடுதல் ஹெச்.பி. வேண்டுமென்றால் கூடுதல் டீசல் எரிய வேண்டும். அது முழுதாக எரியக் கூடுதல் காற்று வேண்டும். இதைத் தாண்டி எந்த மந்திரமும் கிடையாது. பட்டறைகளில் செய்யப்படும் நான்கு வழிகளும் இந்த இரண்டைச் சுற்றியே வரும்.

1. போரிங் பண்ணா பவர் ஏறுமா?

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. பலரும் இதில் சக்தி ஏறும் என்று நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், 100 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரை 101 மி.மீ. ஆக்கினால் கொள்ளளவு கூடுவது சுமார் 2 சதவீதம்தான். 150 ஹெச்.பி. எஞ்சின் 153 ஆகலாம், அவ்வளவுதான். போரிங் தேய்மானத்தைச் சரிசெய்யும் வேலை. லைனரை மாற்றும் வகை எஞ்சின் என்றால் பழைய அளவே திரும்பவும் வரும்.

2. பம்பைத் திருகி டீசலைக் கூட்டுவது

செலவு குறைந்த வழி, ஆபத்து அதிகமான வழியும் இதுதான். காற்று அதே அளவு, டீசல் மட்டும் கூடுதல் என்றால் ஒரு கட்டத்துக்கு மேல் அது சரியாக எரியாது. புகைபோக்கியில் கரும்புகை வரும். புகைபோக்கி வெப்பம் ஏறும். பிஸ்டன் தலை உருகுவது, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விடுவது எல்லாம் இதன் அடுத்த கட்டம்.

3. டர்போ சார்ஜர்

வெளியேறும் புகையின் வேகத்தால் சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி. இன்டர்கூலரும் சேர்ந்தால் காற்று குளிர்ந்து இன்னும் அடர்த்தியாகும். நிஜமாகவே ஹெச்.பி. ஏற்றும் வழி இதுதான். ஆனால் டர்போவுக்கென்றே வடிவமைத்த எஞ்சினில் பிஸ்டன், கம்ப்ரஷன் அளவு, பிஸ்டன் மேல் எண்ணெய் பீச்சும் ஜெட், ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர் எல்லாமே வேறாக இருக்கும். சாதாரண எஞ்சினில் டர்போவை மட்டும் மாட்டினால், கூடுதல் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பழைய பாகங்கள் சுமக்க வேண்டியிருக்கும்.

4. ஆர்.பி.எம். ஏற்றுவது

கவர்னரை மாற்றி எஞ்சினை வேகமாகச் சுற்ற விடுவது. 1,800 ஆர்.பி.எம். எஞ்சினை 2,200-க்கு ஏற்றினால் சுழற்சி வேகம் 22 சதவீதம்தான் கூடும். ஆனால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மேலும் கீழும் போய் வரும்போது ஏற்படும் இழுவிசை அந்த வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதாவது கிட்டத்தட்ட 49 சதவீதம்.

லாரியில் ஓடுற எஞ்சின்தானே, படகில் ஏன் தாங்காது?

லாரி மேட்டில் ஏறும்போதுதான் முழு சக்தியும் வேண்டும். சமதளம் வந்தால் எஞ்சினுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். இழுவை மடியைப் போட்டு இழுக்கும் படகுக்கு மணிக்கணக்கில் மேடுதான்!

அதனால்தான் படகு எஞ்சின்களுக்கு, எவ்வளவு நேரம் முழுச் சுமையில் ஓடும் என்பதைப் பொறுத்து வேறு வேறு ஹெச்.பி. ரேட்டிங் தருகிறார்கள். நல்ல உதாரணம் அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் எஞ்சின். 1989-ல் டாட்ஜ் பிக்அப் வண்டியில் அது 160 ஹெச்.பி. அதே குடும்பத்தின் கடல் எஞ்சின், உல்லாசப் படகுகளுக்காக 370 ஹெச்.பி.-யிலும் வந்தது. ஆனால் அந்த 370, கொஞ்ச நேரம் மட்டும் முழு வேகத்தில் போகும் படகுக்கானது. நாள் முழுக்க உழைக்கும் படகுக்குக் குறைந்த ரேட்டிங்தான்.

ஆக, "இதே எஞ்சின் அங்க 300 ஹெச்.பி. தருதே" என்று யாராவது சொன்னால், "எத்தனை மணி நேரத்துக்கு?" என்று கேட்க வேண்டும்.

எஞ்சின் தாங்கினால் போதுமா?

போதாது. சக்தி போகும் பாதையில் இருக்கும் ஒவ்வொன்றும் தாங்க வேண்டும்.

* கூலிங்: எரியும் டீசலின் சக்தியில் பாதிக்கும் அதிகமான பகுதி புகையிலும் கூலிங் நீரிலும் வெப்பமாகவே போகிறது. ஹெச்.பி. கூடினால் வெப்பமும் கூடும். பழைய கூலரும் பழைய நீர் பம்பும் அதற்குப் போதுமா?
* கியர்பாக்ஸ்: அதே ஆர்.பி.எம்.-ல் 150-ஐ 200 ஹெச்.பி. ஆக்கினால் முறுக்கு விசை 33 சதவீதம் கூடும். கியர்பாக்ஸின் அனுமதி அளவு அதன் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். அதைத் தாண்டினால் கிளட்ச் வழுக்கும், பல் உடையும்.
* ஷாஃப்ட்: அதே பாதுகாப்பு அளவு வேண்டுமென்றால் 50 மி.மீ. ஷாஃப்ட் இருக்கும் இடத்தில் 55 மி.மீ. வேண்டும். அதற்கேற்ப புஷ், ஸ்டெர்ன் டியூப் எல்லாம் மாறும்.
* புரொப்பல்லர்: பலரும் விட்டுவிடும் இடம். பழைய விசிறி பழைய சக்தியைத்தான் நீருக்குள் செலுத்தும். அதன் விட்டமும் பிட்ச்சும் புதிய சக்திக்குப் பொருந்தாவிட்டால், ஏற்றிய ஹெச்.பி. கடலுக்குப் போகவே போகாது.

நடுக்கடலில் ஷாஃப்ட் முறிந்தாலோ கியர்பாக்ஸ் நின்றாலோ, படகில் இருப்பவர்கள் இன்னொரு படகு வந்து கட்டி இழுக்கும் வரை அலையோடு காத்திருக்க வேண்டியதுதான். ஷாஃப்ட் நுழையும் இடம் வழியாக நீர் உள்ளே வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சரி, வேகம் எவ்வளவு கூடும்?

விசைப்படகு நீரைக் கிழித்துத் தள்ளிக்கொண்டு போகும் வகை. இந்த வகைப் படகுக்கு, தான் எழுப்பும் அலையே ஒரு எல்லையைப் போட்டுவிடும். நீர்மட்டத்தில் படகின் நீளம் 49 அடி என்றால் அந்த எல்லை சுமார் 9.4 நாட். மணிக்கு ஏறக்குறைய 17 கி.மீ. அதற்குக் கீழே இருக்கும்போதும், தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரட்டிப்பாக எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

ஒரு கணக்கு: 150 ஹெச்.பி.-யில் 8 நாட் வேகத்தில் போகும் படகு, 200 ஹெச்.பி. ஆனால் 8.8 நாட் போகும். நன்றாக உழைக்கும் டீசல் எஞ்சின் ஒரு ஹெச்.பி.-க்கு மணிக்கு சுமார் 0.2 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 20 கடல் மைல் போக:

* 150 ஹெச்.பி.: 2 மணி 30 நிமிடம், 75 லிட்டர்
* 200 ஹெச்.பி.: 2 மணி 16 நிமிடம், சுமார் 91 லிட்டர்

14 நிமிடம் மிச்சம் பிடிக்க 16 லிட்டர் கூடுதல் டீசல். இது ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். படகு மேலே சொன்ன எல்லையை நெருங்க நெருங்க, இந்த 0.8 நாட் கூட முழுதாகக் கிடைக்காது.

கூடுதல் ஹெச்.பி. நிஜமாக உதவுவது இழுவையில். பெரிய மடியை இழுக்கவும், எதிர்நீரோட்டத்தில் மடியின் வேகம் குறையாமல் இருக்கவும் சக்தி தேவை. ஆனால் சட்டம் குறுக்கே வருவதும் அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளின்படி, விசைப்படகின் எஞ்சின் சக்தி 240 ஹெச்.பி.-யைத் தாண்டக் கூடாது. அதிவேக எஞ்சின் படகுகள் தங்கள் வலைகளை நாசமாக்குகின்றன, மீன்வளத்தை வாரிச் செல்கின்றன என்பது நாட்டுப்படகு மீனவர்களின் நீண்ட காலப் புகார்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறை விசைப்படகுகளை நேரடியாக ஆய்வு செய்கிறது. படகின் அளவு, எஞ்சின் எண், ஹெச்.பி. ஆகியவை பதிவுச் சான்றோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். 240-க்குள் இருந்தாலும் மாற்றத்தைத் துறைக்குத் தெரிவித்துப் பதிவில் ஏற்றுவது முக்கியம். பதிவில் ஒன்றும் படகில் வேறொன்றும் இருந்தால், மானியத்திலும் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் க்ளைமிலும் சிக்கல் வரலாம்.

இன்னொரு விஷயம். விசைப்படகுக்கான வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டராக உயர்த்தப்படும் என 2023-ல் அறிவிக்கப்பட்டது. எஞ்சின் குடிக்கும் அளவு கூடினால், இந்த ஒதுக்கீடு சீக்கிரமே தீர்ந்துவிடும்.

பிரிக்கும் முன் இதைப் பாருங்க!

வேகம் குறைந்துவிட்டது என்றால், முதலில் தேட வேண்டியது தொலைந்துபோன பழைய ஹெச்.பி.-யை.

* அடிப்பாகம், விசிறி: பாசியும் கொட்டலசும் ஒட்டியிருந்தாலோ, விசிறி இலை வளைந்திருந்தாலோ வேகம் விழும். சுத்தம் செய்தாலே வித்தியாசம் தெரியும்.
* முழு த்ராட்டில் சோதனை: சுமையோடு ஓட்டும்போது எஞ்சின் அதன் உச்ச ஆர்.பி.எம்.-ஐத் தொடுகிறதா? தொடவில்லை என்றால் விசிறி அதிகச் சுமை தருகிறது, அல்லது எஞ்சின் களைத்திருக்கிறது.
* புகை நிறம்: கருப்பு என்றால் காற்று பற்றவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது நீர் உள்ளே வருகிறது.
* சின்ன வேலைகள்: ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், நாசில் சோதனை, பம்ப் கலிப்ரேஷன், வால்வ் இடைவெளி.
* கம்ப்ரஷன் சோதனை: இதில் குறைவாகக் காட்டினால்தான் முழுசாகப் பிரிக்கும் வேலை.

பிரித்தால் லைனர், பிஸ்டன், ரிங்ஸோடு நிறுத்தாமல், கிராங்க் அளவு, பேரிங், ஹெட்டில் விரிசல் சோதனை, ஆயில் பம்ப், கடல்நீர் பம்ப், கூலருக்குள் அரிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் முதல் நாளே முழுச் சுமையில் மடி இழுக்கக் கூடாது. சும்மா நிறுத்தி மணிக்கணக்கில் ஐடிலில் ஓட்டுவதும் புது ரிங்ஸுக்கு நல்லதல்ல. நிறுவனக் கையேடு சொல்லும் முறையில் சுமையைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

அதற்குப் பிறகும் சக்தி போதவில்லை என்றால், பழைய எஞ்சினை முறுக்குவதைவிட, தேவையான ஹெச்.பி.-க்கென்றே ரேட்டிங் பெற்ற எஞ்சினை 240-க்குள் தேர்ந்தெடுத்து, கியர்பாக்ஸ், ஷாஃப்ட், விசிறி எல்லாவற்றையும் அதற்குப் பொருத்தமாக மாற்றுவதே பாதுகாப்பான வழி. ஏனென்றால் அந்த எஞ்சினை நம்பித்தான் ஒரு படகு நிறைய ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள்.