சின்னச் சில்லும் பனிக்கால டயரும்: ஒரு சிறிய வரலாறு

எம்மிடம் சாதாரண தரம் வரை படித்த தம்பி ஒருவர் இப்போது ஜப்பானில், சப்போரோவில் தொழில் பார்க்கிறார். ஆசைப்பட்டு பழைய டொயோட்டா 86 ஒன்று வாங்கியிருக்கிறார். இரண்டு கதவு, பின்சில்லால் ஓடும் ஸ்போர்ட்ஸ் கூபே. போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது: "சேர், காரில 17 அங்குல அலோய் ரிம் இருக்கு. பனிக்காலத்துக்கு 16 போடச் சொல்றான் டயர்க்கடைக்காரன். சின்னதக் காட்டி என்னைப் பேய்க்காட்டுறானா?"

பனியையே காணாத நாட்டு வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், இது இறப்பரின் வரலாறு. அதில் எமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

1830களில் அமெரிக்காவில் இறப்பர்ச் சாமான் மோகம் ஒன்று பரவியது. சப்பாத்து, மழைக்கோட்டு எல்லாம் இறப்பரில் வந்தன. கோடையில் அவை உருகிப் பிசுபிசுத்தன. மாரியில் பலகைபோல் விறைத்தன. இந்தக் குறையோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவர்தான் சார்ள்ஸ் குட்இயர். கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1839இல் இறப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகாமலும் விறைக்காமலும் நிற்கும் என்று கண்டுபிடித்தார். (குட்இயர் டயர்க் கம்பனி அவருடையதல்ல. அவர் 1860இல் கடனோடு மௌத்தாகி, 38 வருடங்களுக்குப் பிறகு வேறு ஆட்கள் தொடங்கி அவர் பெயரை வைத்தார்கள்.)

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 2,700 அளவில்தான். அவற்றில் 1,900 வரையான நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். ஆசியத் தோட்ட இறப்பரின் கதை அங்கேதான் வேர்விட்டது.

குட்இயர் குளிரை முழுதாக வென்றுவிடவில்லை. இயற்கை இறப்பர் கண்ணாடிபோல் இறுகுவதற்குச் சைபருக்குக் கீழே 70 பாகை வரை குளிர வேண்டும். ஆனால் வேகக் காருக்குச் செய்யும் கோடைக்கால டயரின் கலவையே வேறு. காய்ந்த, சூடான தார் வீதியைப் பிடிப்பதற்காக அதைக் கலக்கிறார்கள். சுமார் 7 பாகைக்குக் கீழே போனால் அதன் பிடி குறையத் தொடங்குகிறது என்பதே டயர் செய்பவர்கள் சொல்லும் கணக்கு. பனி விழவே தேவையில்லை, குளிர் போதும். பனிக்கால டயரில் குளிரிலும் இளகி நிற்கும் இறப்பரைக் கூட்டி, சிலிக்காவும் சேர்த்து, மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். அந்தக் கீறல்களின் விளிம்புகள்தான் பனியைக் கடித்துப் பிடிக்கின்றன.

முதலில் இதற்கென்றே டயர் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். இன்று நோக்கியன் என்று அறியப்படும் கம்பனி 1934இல் லொறிகளுக்கும் 1936இல் கார்களுக்கும் பனி டயர் செய்தது. கார் டயருக்கு வைத்த பெயர் ஹக்காபெலிட்டா, பழைய பின்லாந்துக் குதிரைப் படையின் பெயர். பிறகு ஆணி பதித்த டயர்கள் பெருகின. ஐஸில் நன்றாகப் பிடித்தாலும் காய்ந்த வீதியை அவை சுரண்டித் தின்றன. ஜேர்மனி 1970களின் நடுவில் அவற்றைத் தடைசெய்தது. ஜப்பானில் செண்டாய் போன்ற நகரங்களில், ஆணிகள் கிளப்பிய வீதித்தூசியை மக்கள் சுவாசிக்க வேண்டிவந்தது. 1990இல் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே பிரிட்ஜ்ஸ்டோன், நுண்துளை நிறைந்த இறப்பரில் ஆணியில்லாத பிளிசாக் டயரை விற்கத் தொடங்கியிருந்தது. தம்பியின் கடைக்காரர் காட்டும் டயர் இந்த வழியில் வந்தது.

சரி, ஏன் சின்னச் சில்லு?

பெரிய ரிம்மும் பட்டிபோல் மெலிந்த பக்கச்சுவரும் காருக்கு அழகென்று வந்தவை அல்ல. 1970களின் நடுவில் பிரெல்லி பி7 போன்ற அகன்ற, தட்டையான டயர்கள் பந்தய வீதியிலிருந்து போர்ஷே 911 டர்போ போன்ற கார்களுக்கு இறங்கின. வளைவில் டயர் நெளியாமல் இருக்கவும் பெரிய பிரேக்குக்கு உள்ளே இடம் கிடைக்கவும்தான் அந்த வடிவம். அழகு என்ற பேச்சு பின்னால் ஒட்டிக்கொண்டது. பனியில் கணக்கு மாறும். அகன்ற டயர் முன்னால் கிடக்கும் பனியைத் தள்ளிக்கொண்டு அதன்மேல் மிதக்கப் பார்க்கும். ஒடுங்கிய டயர் வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். சுவீடன் ரலிப் பந்தயத்தில் ஓடும் கார்களின் டயர்களைப் பாருங்கள், சைக்கிள் டயரோ என்று நினைக்கத் தோன்றும்.

தம்பியின் காரில் இருப்பது 215/45 ஆர் 17. கடைக்காரர் சொன்னது 205/55 ஆர் 16. நாம் கொப்பியில் போட்டுப் பார்த்தோம். முதலாவதன் முழு விட்டம் 625 மில்லிமீற்றர், இரண்டாவது 632. வித்தியாசம் ஒரு வீதம்தான், வேகமானி பெரிதாகப் பொய் சொல்லாது. பக்கச்சுவர் 97இலிருந்து 113 மில்லிமீற்றருக்கு உயர்கிறது. பனிக்குள் மறைந்த குழியில் விழுந்தால் அடி முதலில் ரிம்முக்குப் போகாது. அதே காரின் விலை குறைந்த வகை ஒன்றை டொயோட்டாவே ஜப்பானில் இந்த 16 அங்குல அளவோடுதான் விற்றது. டயரும் மலிவு.

இழப்பும் உண்டு. காய்ந்த வீதியில் ஸ்டியரிங் கொஞ்சம் தாமதித்துப் பதில் சொல்லும், வளைவில் கார் முன்போல் ஒட்டாது. சப்போரோவில் மாதக்கணக்காக வெண்மைதான் தரை என்பதால் அதைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. கவலைப்பட்டது வேறொன்றுக்கு. தம்பி அடுத்த பதிவில், பின்சில்லுகள்தானே காரைத் தள்ளுகின்றன, இரண்டு டயர் மட்டும் வாங்கினால் காசு மிச்சமாகுமே என்றார். உடனே கோல் எடுத்தோம். பின்னால் மட்டும் பிடி இருந்தால் கார் புறப்படும், ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் நேராகவே போகும். பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் முன்சில்லுகள்தான். ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடும் இடம் உள்ளங்கை அளவு. நாலும் வேண்டும்.

இன்னொன்றும் சொன்னோம். காசு கொடுக்க முன்னர் ஒரு 16 அங்குல ரிம்மை முன்பக்கத்தில் மாட்டி, பிரேக் கலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று. முந்திய சொந்தக்காரர் பெரிய பிரேக் மாட்டியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

நேற்றுப் படம் வந்தது. கறுப்பு இரும்பு ரிம், தடித்த டயர், நாலும் புதுசு. "வடிவில்ல சேர்" என்று எழுதியிருந்தார்.