பாலக்காட்டுக் கணவாயும் பூமியதிர்ச்சியும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் நாள், சனிக்கிழமை. காலை மணி எட்டேகால் கடந்து சிறிது நேரத்தில், பட்டாம்பிப் பக்கத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “நிலம் ஆடிற்று, சார். அடுக்களைப் பாத்திரமெல்லாம் கலகலத்தது. அங்கே எப்படி?” என்று பதற்றத்தோடு வினவினார். ஒலவக்கோட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேசிய நிலநடுக்கவியல் மையத்தார் அதன் அளவு ரிக்டர் 3 என அறிவித்தனர். மறுநாள் விடியுமுன் மீண்டும் ஒரு சிறு அதிர்வு திருச்சூர், பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப்புறத்தில் உணரப்பட்டது. அன்று மாலை நம் காலனித் தாய்மார் சிலர், “பூகம்பமெல்லாம் ஜப்பானிலும் குஜராத்திலும் அல்லவா வரும்? இந்த மண்ணிலுமா?” என்று என்னைக் கேட்டனர். அன்று விடை சொல்லத் தெரியாமல் விழித்தேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது, அந்த வினாவையே எடுத்துக்கொண்டேன். நான் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேப் பேரேடுகளோடு காலம் கழிப்பவன். நிலவியல் கற்றவன் அல்லேன். கற்றோர் எழுதியவற்றிலிருந்து என் சிற்றறிவுக்கு எட்டியதை ஈண்டுத் தருகிறேன்.

இம்மண்ணில் பூமியதிர்ச்சி வருமா என்ற வினாவுக்கு விடை, வந்திருக்கிறது என்பதே. அதுவும் சிறியதன்று. 1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், கோயம்புத்தூர் பூமியதிர்ச்சி என்று நூல்களில் பெயர் பெற்ற அதிர்ச்சி நிகழ்ந்தது. அதன் அளவு ஏறத்தாழ 6 எனப் பிற்காலத்தார் கணித்துள்ளனர். கோயம்புத்தூரிலும் குன்னூரிலும் கட்டடங்கள் சேதமுற்றன. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. பெயர்தான் கோயம்புத்தூருக்கு உரியது. அட்டவணைகளில் அதற்குக் குறிக்கப்பட்ட இடமோ வடக்கே 10.8 பாகை, கிழக்கே 76.8 பாகை. நிலப்படத்தை விரித்து விரலை வைத்துப் பாருங்கள். விரல் நிற்பது நம் வண்டிகள் நாள்தோறும் கடந்து செல்லும் வாளையாற்றுப் பக்கத்தில்! அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். எனவே, நண்பரின் அடுக்களைப் பாத்திரங்களைக் கலகலக்கச் செய்ததைக் காட்டிலும் ஏறத்தாழ 32,000 மடங்கு ஆற்றல் 1900இல் இவ்வெல்லையில் வெளிப்பட்டது என்க.

அந்நாளில் இவ்வழியே மதராஸ் ரயில்வே கம்பெனியின் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பற்சக்கர இருப்புப்பாதை திறக்கப்பட்டு ஓராண்டுகூட நிறையவில்லை. இத்துணைப் பெரிய நிகழ்ச்சி மக்கள் நினைவில் நிலைக்காமல் போனதுதான் எனக்கு வியப்பு. 1897ஆம் ஆண்டின் அஸ்ஸாம் பூகம்பத்துக்கு ஓல்டாம் என்னும் அறிஞர் பெருநூல் ஒன்று எழுதி 1899இல் வெளியிட்டார். நமது பூகம்பத்துக்கு அத்தகைய நூல் வாய்க்கவில்லை. மூன்று தலைமுறை கழிவதற்குள், ‘இது அசையா நிலம்’ என்று ஊரார் உறுதியாகச் சொல்லத் தொடங்கிவிட்டனர்.

அந்த அதிர்ச்சி இங்கே ஏன் நேர்ந்தது? நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அறுபட்டுக் கிடப்பதே பாலக்காட்டுக் கணவாய். குகையின்றி, பற்சக்கரமின்றி, 1862ஆம் ஆண்டிலேயே போத்தனூருக்கும் பட்டாம்பிக்கும் இடையே இருப்புப்பாதை போட முடிந்தது இதனால்தான். நாமெல்லாம் இங்கே வந்து குடியேறியதற்கும் காரணம் அப்பாதையே அன்றோ! இக்கணவாய் காற்றும் ஆறும் மட்டும் அரித்த வெறும் பள்ளமன்று. இதன் அடியில், பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கமாகக் கிழக்கே செல்லும் மிகப் பழைய நெரிவுப் பட்டை ஒன்று உண்டு. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பெருங்கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிய காலத்தில், பாறைகள் நசுங்கி நெரிந்த தழும்பு அது. இதன் தொடர்ச்சியை மடகாஸ்கர் தீவில் காண முயலும் அறிஞரும் உளர். அத்தீவு இந்தியாவிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான்.

இங்கே ஒரு சிறு செய்தி. நீலகிரி, ஆனைமலை, பழனிமலைகளின் கரும்பாறைக்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயர். கல்கத்தா நகருக்கு அடிகோலியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகையைச் சார்ந்தது. அது சென்னையை அடுத்த பல்லாவரத்திலிருந்து சென்றது. அதைக் கண்டு தாமஸ் ஹாலண்டு என்பார் பாறைக்கு அப்பெயரைச் சூட்டினார். நம் ஊர்க் கல் வங்காளத்தில் போய்ப் பெயர் பெற்றுத் திரும்பிய கதை இது.

நிற்க. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த நெருக்குதல் தெற்கேயும் பரவுகிறது. பழைய வேட்டியில் கிழிந்து தைத்த இடமே முதலில் பிரிவதுபோல, பழம்பிளவுகள் சில எப்போதாவது சற்றே நழுவுகின்றன. தீபகற்பத்தில் இது நேராது என்ற எண்ணத்தை 1967 டிசம்பர் 11ஆம் நாள் கொய்னாவும், 1993 செப்டம்பர் 30ஆம் நாள் லாத்தூரும் தகர்த்தன. லாத்தூரில் மாண்டோர் பல ஆயிரவர். மறு ஆண்டே, 1994 டிசம்பர் 2ஆம் நாள், பாரதப்புழைக்குத் தெற்கே வடக்காஞ்சேரிப் பக்கத்தில் 4.3 அளவில் அதிர்ந்தது. அப்போது நான் பள்ளி மாணவன். திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையத்தார் வந்து ஆராய்ந்தனர். பின்னர், தேசமங்கலத்தில் பாறைப் பிளவு ஒன்றைக் கண்டு, அதன் நடுவே அரைபட்டுக் கிடந்த பொடியின் வயதை அளந்தனர். ஏறத்தாழ 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய நழுவல் நேர்ந்திருக்க வேண்டுமென்று தெரிந்தது. மிகப் பழையதுதான். ஆயினும் 55 கோடி ஆண்டுத் தழும்பின் அருகில் 4 இலட்சம் என்பது நேற்றைய செய்தியே. தழும்பு முற்றிலும் உறங்கிவிடவில்லை என்பதே இதன் பொருள்.

இனி, தெற்கேயுள்ள இடுக்கி மலைகளுக்குச் செல்வோம். அங்குள்ள பிளவுகள் வேறு. ஆனால் அங்கும் நிலம் சும்மா இருந்ததில்லை. என் சித்தப்பா நெடுங்கண்டத்துக்கு அருகே ஏலத்தோட்டமொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். 1988 ஜூனில் அங்கே 4.5 அளவில் அதிர்ந்தபோது, லயத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் அண்டையிலிருந்த மலையாளக் குடும்பங்களும் மழையென்றும் பாராமல் ஒரே தார்ப்பாயின் கீழ் இரவைக் கழித்ததாக அவர் சொல்வார். பின்னர் 2000 டிசம்பர் 12இல் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 5 அளவிலும், 2001 ஜனவரி 7இல் 4.8 அளவிலும் அதிர்ச்சிகள் நேர்ந்தன. அவ்வாண்டு மழைக்காலத்தில் கேரளத்தின் பல ஊர்களில் கிணறுகள் திடீரென உள்வாங்கி இடிந்தன. சில வற்றின, சில பொங்கின. நிலத்தின் இறுக்கம் மாறியதே காரணம் என்றனர் சிலர். கோடைக்குப் பின் பெய்த கனமழை மண்ணை உள்ளேயே அரித்தது என்றனர் வேறு சிலர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எவ்வாறாயினும், கரும்பாறை நாட்டில் நிலத்தடி நீர் தங்குவதும் ஓடுவதும் பாறையின் விரிசல்களில்தான். நம் கிழக்கே சித்தூர்ப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவோர் தேடி அலைவதும் அவ்விரிசல்களையே.

இடுக்கியைப் பேசிவிட்டு முல்லைப்பெரியாற்றைப் பேசாது விடுதல் கோழைத்தனம். 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. பென்னிகுவிக் துரை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. தேனி, மதுரை முதல் இராமநாதபுரம் வரை உழவர் குடும்பங்கள் அதனால் சோறு உண்கின்றன. அணைக்கு 4 வயதானபோது 1900 அதிர்ச்சி வந்தது. ஆனால் அது ஏறத்தாழ 145 கிலோமீட்டருக்கு அப்பால் நேர்ந்தது. ஆதலால் அதைக் கொண்டு எவரும் வாதாட இயலாது. 1979இல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த பின் இங்கும் அச்சம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, கான்கிரீட்டும் இரும்பு வடங்களும் கொண்டு அணை வலுப்படுத்தப்பட்டது. பெரிய அதிர்ச்சியை அணை தாங்காது என ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வாளர் கேரளத்துக்கு அறிக்கை அளித்தனர். நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அணை பாதுகாப்பானது என்றது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை அனுமதித்தது.

இவ்விஷயத்தில் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அன்பர்கள் பொறுத்தருள்க. சிறு அதிர்வு நேரும்போதெல்லாம் நாளையே அணை உடையுமென்று முழங்குவோர் அறிவியலுக்குத் துரோகம் செய்கின்றனர். அம்மலைகளில் அதிர்ச்சியே வராது என்று நம் மேடைகளில் முழங்குவோரும் அதையேதான் செய்கின்றனர். 1988ஐ என் சித்தப்பா கண்டார். அதை இல்லையென்று சொல்ல எனக்கு நா எழாது.

2011 ஜூலையிலும் நவம்பரிலும் இடுக்கியில் சிறு அதிர்வுகள் நேர்ந்தன. அதையொட்டிக் கிளர்ச்சி எழுந்தது. டிசம்பரில் தமிழ்த் தொழிலாளர் பலர் தோட்டங்களை விட்டு மலையிறங்கினர். சித்தப்பாவும் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு, இரவோடிரவாகப் போடிமெட்டு வழியே நடந்து வந்து சேர்ந்தார். 1988இல் நிலத்துக்கு அஞ்சி வெளியே ஓடினோம், இப்போது நிலம் நின்ற இடத்திலேயே நிற்க, மனிதருக்கு அஞ்சி ஓடினோம் என்றார். ஒன்று மறவாமல் எழுத வேண்டும். வீட்டுச் சாவியையும் எட்டுக் கோழிகளையும் அவர் ஒப்படைத்து வந்தது, தார்ப்பாயின் கீழ் உடனிருந்த அதே மலையாளக் குடும்பத்தாரிடம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது சாவியும் இருந்தது, கோழிகள் பதினொன்றாகவும் ஆகியிருந்தன.

முடிவாக ஒரு வேண்டுகோள். பழைய அதிர்ச்சிகளை ஆராய்வோர், எவ்வூரில் சுவர் விரிந்தது, எவ்வூரில் பாத்திரம் உருண்டது, எந்தக் கிணற்றில் நீர் கலங்கியது என்ற சிறு குறிப்புகளைத் திரட்டியே அதன் மையத்தையும் வலுவையும் கணிக்கின்றனர். நம் காலனியில் கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பாலக்காட்டுப் பழங்குடும்பங்களின் வழிவந்தோர் பலர் உளர். உங்கள் பாட்டனார் காலத்துக் கடிதத்திலோ, கணக்குப் புத்தகத்தின் ஓரத்திலோ, கோயில் திருப்பணிக் குறிப்பிலோ 1900 பிப்ரவரி பற்றி ஒரு வரியேனும் கிடைத்தால், அதன் நகலைச் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். ஊர்ப் பெயரையும் அக்குறிப்பு இருந்த ஏட்டின் பெயரையும் உடன் எழுதுக.