வொஷிங்டனில் ஆர்மேனியர்: ஒரு சொல்லுக்கான நெடும் போராட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் செனட் சபையில் ஆர்மேனியருக்காக நீண்டகாலம் வாதாடியவர் கன்சாஸ் மாநிலத்துச் செனட்டர் பொப் டோல். அவர் ஆர்மேனியர் அல்லர். அவருடைய மாநிலத்தில் ஆர்மேனிய வாக்குகள் பெருந்தொகையாக இருந்ததுமில்லை. 1945இல் இத்தாலியப் போர்முனையில் அவரது வலது தோள் சிதைந்தது. சிக்காகோவில் ஹம்பார் கெலிக்கியன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கூலி வாங்காமல் அந்தக் கையைச் சீராக்க முயன்றார். கெலிக்கியன் தன் சகோதரிகள் மூவரை உஸ்மானியப் பேரரசில் நடந்த படுகொலையில் பறிகொடுத்தவர். வைத்தியர் நோயாளிக்குச் சொன்ன குடும்பக் கதைதான் பின்னர் செனட் சபைவரை போனது.

'லொபி' என்றதும் பணப்பையும் இரகசிய விருந்தும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆர்மேனியரின் விடயத்தில் அது பாதிக்கதைதான் என்பது என் எண்ணம்.

தாயகத்துக்கு வெளியே இருந்து அரசியல் செய்வது அம்மக்களுக்குப் புதிதல்ல. உலகின் முதலாவது ஆர்மேனியச் சஞ்சிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்ததே மதராஸில்தான். அமெரிக்காவில் பிரெஸ்னோவின் திராட்சைத் தோட்டங்களிலும், பிற்காலத்தில் லெபனான் யுத்தத்துக்கும் ஈரானியப் புரட்சிக்கும் தப்பி வந்தவர்களால் லொஸ் ஏஞ்சலிஸை அடுத்த கிளென்டேலிலும் அவர்கள் செறிந்தார்கள். 1972இல் 'ஆர்மேனியப் பேரவை' உருவானது. தஷ்னாக் கட்சியைச் சார்ந்த தேசியக் குழு அதற்குப் போட்டியாக இயங்கியது. இரு அமைப்புகளின் பிணக்கு வெளிப்படையானது; ஆனால் அந்தப் போட்டியே இரண்டையும் சோம்பவிடாமல் வைத்திருந்தது. பிரதிநிதிகளுக்குக் கடிதம் குவிப்பது, யார் எப்படி வாக்களித்தார் என்று புள்ளியிட்டு ஊருக்கு அறிவிப்பது ஆகியவையே அவர்களின் அன்றாட வேலை. 1992இல் அஸர்பைஜான் அரசுக்கு அமெரிக்கா நேரடி உதவி வழங்குவதைத் தடைசெய்யும் 907ஆம் பிரிவைச் சட்டத்தில் சேர்ப்பித்தது அவர்களின் பெருவெற்றி. அப்போது பாக்கு நகருக்காக வொஷிங்டனில் வாதாட வலுவான எவரும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆனால் அவர்கள் உண்மையில் கேட்டது ஒரு சொல்லை. 1915இல் நடந்தது 'இனப்படுகொலை' என்று அமெரிக்கா சொல்லவேண்டும். கிலாபத்தின் மீதான பற்றினால் நம்மில் பலர் இக்கோரிக்கையைச் சந்தேகத்துடன் பார்த்ததுண்டு. அவர்கள் ஹலப் ஆளுநராக இருந்த ஜலால் பேயை அறியவேண்டும்; நாடுகடத்தும் கட்டளைக்கு இணங்க மறுத்துப் பதவியிழந்தவர் அவர். ஆர்மேனியரைக் காக்குமாறு 1917இல் மக்காவின் ஷரீப் ஹுஸைன் எழுதிய கட்டளையும் உண்டு.

1990இல் டோல் கொண்டுவந்த தீர்மானத்தை மேற்கு வெர்ஜீனியாவின் ரொபேட் பேர்ட் பேசிப்பேசியே மடக்கினார். 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர் ஜனாதிபதி கிளின்டன் கேட்டுக்கொண்டதற்கிணங்க சபாநாயகர் ஹாஸ்டர்ட் தீர்மானத்தை விலக்கிக்கொண்டார். 2007இல் வெளியுறவுக் குழு 27க்கு 21 என்று நிறைவேற்றியது. முன்னாள் இராஜாங்கச் செயலாளர்கள் எண்மர் எதிர்த்துக் கடிதம் எழுதினர். ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படைக்கான விமானச் சரக்கில் சுமார் 70 வீதம் துருக்கி வழியாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. காங்கிரஸில் இருந்தபோது ஆர்மேனியர் பக்கம் நின்ற டிக் கெப்ஹார்ட், இப்போது துருக்கியிடம் கூலி பெற்று அதே தீர்மானத்துக்கு எதிராக வேலை செய்தார். தீர்மானம் முழுச்சபைக்கு வரவேயில்லை. 2008 தேர்தலில் அச்சொல்லைச் சொல்வேன் என்று வாக்களித்த ஒபாமா, ஜனாதிபதியான பின் எட்டு ஏப்ரல்களிலும் அதைத் தவிர்த்தார்.

பின்னர் 2019 ஒக்டோபர் 29இல் பிரதிநிதிகள் சபை 405க்கு 11 என்று அதே கருத்தை ஏற்றது. டிசெம்பரில் செனட் ஏகமனதாக ஏற்றது. இடையில் வரலாற்றுச் சான்றுகள் எதுவும் மாறிவிடவில்லை. துருக்கி ரஷ்ய ஏவுகணைகளை வாங்கியிருந்தது. அம்மாதம் வடகிழக்குச் சிரியாவினுள் படை நடத்தியிருந்தது. அன்றே துருக்கிக்கு எதிரான தடைச் சட்டமூலத்தையும் அதே சபை நிறைவேற்றியது. கதவைத் திறந்தது அங்காராவின் மீதான கோபம் என்றாலும், திறக்கும் நாளில் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள் ஆர்மேனியர். பல தசாப்தங்களாக அவர்கள் அந்த வாசலை விட்டு நகரவில்லை.

2021 ஏப்ரல் 24இல் ஜனாதிபதி பைடன் அச்சொல்லை உச்சரித்தார். அதற்கு முந்திய இலையுதிர்காலத்திலேயே நாகோர்னோ கரபாக்கின் ஒரு பகுதியை அஸர்பைஜான் போரில் மீட்டிருந்தது. 907ஆம் பிரிவோ, 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின்னர் ஆண்டுதோறும் ஜனாதிபதிகளின் கையொப்பத்தால் தளர்த்தப்பட்டுவந்தது. பைடனின் அரசும் அவ்வாண்டு தளர்த்தியது. 2023 செப்டெம்பரில் எஞ்சிய கரபாக்கும் வீழ்ந்து, சில நாட்களுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் கையில் எடுத்ததோடு வெளியேறினர்.

2025 ஓகஸ்ட் 8இல் வெள்ளை மாளிகையில் அலியேவ் முன்னிலையில் ஜனாதிபதி ட்ரம்ப் 907ஐ மீண்டும் தளர்த்தினார். ஆர்மேனியப் பிரதமர் பஷின்யானும் அன்று அதே மாளிகையில் விருந்தாளியாக இருந்தார்.