கையைக் கொடுத்தவர் யார்?

வட இந்திய நகரம் ஒன்றில் நான் தங்கியிருக்கும் வளாகத்தில், சென்ற கோடையின் புழுதிப்புயலில் பல மரங்கள் சாய்ந்தன. கிளைகளை அகற்ற ஒரு பெரிய வுட் சிப்பர் வந்தது. முழுக் கிளையை ஒருபுறம் விழுங்கி, மறுபுறம் சில்லுகளாக உமிழும் இயந்திரம் அது. இதில் விபத்து நேர்வதுண்டா என அதை இயக்கியவரிடம் கேட்டேன். “ஹாத் ஆ ஜாதா ஹை” என்றார். கை வந்துவிடும் என்று பொருள். இதே விபத்தைத் தமிழில் “மெஷினில் கையைக் கொடுத்துவிட்டான்” என்போம்.

இந்தியில் கை தானாக வருகிறது. தமிழில் தொழிலாளி தானாகக் கொடுக்கிறான். இரண்டு வாக்கியங்களிலும் இயந்திரம் எழுவாயாக இல்லை. அதை வடிவமைத்தவரும் விற்றவரும் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. இந்த வாக்கிய அமைப்பைத் திருத்த இந்தியச் சட்டம் நூறாண்டுகளுக்கு மேல் முயன்று வந்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன்.

1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டமே ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி தேவை என்றது. ஆனால் நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்த ஆலைகளுக்கே அது பொருந்தியது. 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பின்னாளில் கட்டைவிரல் போனால் உழைப்புத்திறனில் 30 விழுக்காடும், ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50 விழுக்காடும் இழப்பு என்ற கணக்கு இடம்பெற்றது. இழந்த விரலுக்கு விலை வகுக்கலாம்; விரல் இழக்கப்படாமல் காப்பது வேறு வேலை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 21ஆம் பிரிவில் வேலியையும், 22ஆம் பிரிவில் ஓடும் இயந்திரத்தருகே செய்யும் வேலையையும் விரிவாக நெறிப்படுத்தியது. எனினும் அதுவும் தொழிற்சாலை மதிலுக்குள் நின்றுவிட்டது. களத்துமேடு தொழிற்சாலை ஆகாது.

மதிலுக்கு வெளியே பேரளவில் கைகள் போகத் தொடங்கியது பசுமைப் புரட்சிக்குப் பிறகுதான். 1966இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்குமதி செய்தது. விளைச்சல் பெருகியது. அடுத்த பயிருக்கு நிலத்தை விரைந்து ஒழிக்க வேண்டியிருந்தது. மாடுகளைக் கொண்டு வாரக்கணக்கில் போரடித்த பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசக் களங்களில் கதிரடிக்கும் இயந்திரங்கள் நுழைந்தன. சிறு பட்டறைகளில் செய்யப்பட்ட அவற்றில் பலவற்றின் ஊட்டு வாய் மிகக் குட்டையானது. கதிர்க்கட்டைக் கையால் தள்ளினால், சுழலும் உருளையின் பற்கள் விரலுக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தன. சித்திரை வெயிலிலும் நள்ளிரவிலும் இடைவிடாது வேலை நடந்தது. கைகளை இழந்தவர்கள் ஆண்டுதோறும் மருத்துவமனைகளுக்கு வந்தனர். காரணம் கேட்டபோதெல்லாம் கவனக்குறைவு, அயர்ச்சி, போதை என்ற விடைகளே முதலில் வந்தன. எழுவாய் அப்போதும் தொழிலாளியே.

மாற்றம் இரண்டு படிகளில் வந்தது. முதலாவது, கதிரடிக்கும் இயந்திரப் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 9020 என்னும் இந்தியத் தரநிலை. அதன்படி ஊட்டுச் சரிவு குறைந்தது 900 மில்லிமீட்டர் நீளமும், அதில் 450 மில்லிமீட்டர் மூடிய பகுதியும் கொண்டிருக்க வேண்டும். மனிதக் கையின் நீளத்தை அளந்து, அது எட்டாத இடத்தில் பற்களை வைப்பதே இதன் உட்பொருள். இரண்டாவது, 1983இல் நாடாளுமன்றம் இயற்றிய ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம். உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும் உரிமம் வேண்டும் என்றும், உயிரிழப்புக்கும் உடற்சேதத்துக்கும் இழப்பீடு உண்டு என்றும் அது வகுத்தது. செய்தவரும் விற்றவரும் வாக்கியத்துக்குள் வந்தனர்.

வுட் சிப்பர் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பசி மட்டும் பெரிது. பெரிய சிப்பர்களின் ஊட்டு உருளைகள் கிளையை நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் வேகத்தில் இழுக்கின்றன. அதாவது நொடிக்கு அரை மீட்டர். ஆபத்தை உணர்ந்து கையை விலக்க ஒரு நொடி ஆனால், கை அதற்குள் அரை மீட்டர் உள்ளே போயிருக்கும். இங்கே கவனத்தை விடத் தொலைவே காக்கிறது. ஆகவே நீண்ட ஊட்டுத் தட்டும், வாயைச் சுற்றி அமைந்த நிறுத்து கம்பியும் இயந்திரத்தின் உயிர்நாடிகள். வேலைக்குத் தடை என்று கம்பியைக் கட்டி வைப்பதும் தட்டை அறுத்துக் குறைப்பதும் 1983க்கு முந்தைய களத்துக்கே திரும்புவதாகும்.

இயக்கும் முறையும் இதே தர்க்கத்தில் அமைகிறது. அடிப்பாகம் முதலில் போகுமாறு, பக்கவாட்டில் நின்று கிளையைக் கொடுக்க வேண்டும். உருளை பற்றியதும் விலகிவிட வேண்டும். குட்டைத் துண்டுகளை நீண்ட கிளையாலோ மரக்கோலாலோ தள்ளலாம்; கையாலும் காலாலும் ஒருபோதும் கூடாது. தளர்ந்த சட்டைக்கை, துப்பட்டா, கயிறு, அகன்ற மணிக்கட்டுப் பட்டை கொண்ட கையுறை ஆகியவை அருகிலேயே இருக்கக் கூடாது.

பராமரிப்பில் ஆபத்து வேறு உருவில் வருகிறது. எஞ்சினை அணைத்த பின்னும் கனத்த வெட்டுத்தட்டு நெடுநேரம் சுழலும். ஓசை அடங்கியது சுழற்சி அடங்கியதற்குச் சான்று ஆகாது. சாவியை எடுத்து, தட்டு முற்றிலும் நின்றதை உறுதிசெய்து, பூட்டு ஊசியைச் செருகிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும். கத்தியின் கூர்மையும் பாதுகாப்பில் அடங்கும். மழுங்கிய கத்தி கிளையை வெட்டாமல் திணறும். திணறும் இயந்திரத்துக்கு உதவத்தான் கை நீள்கிறது. அப்போது கத்தியைத் தீட்டித் தராத உரிமையாளர் எங்கே என்று எவரும் கேட்பதில்லை.

வளாகத்துக்கு வந்த அந்த சிப்பரில் நிறுத்து கம்பி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதைக் கட்டியது தாமல்ல, வாடகைக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றார் அந்தத் தொழிலாளி. நாளை ஏதேனும் நேர்ந்தால், ‘கையைக் கொடுத்துவிட்டான்’ என்றுதான் எழுதுவோம். கயிற்றைக் கட்டியவருக்கு அந்த வாக்கியத்தில் இடம் இருக்காது.