மின்சாரக் கார் வீட்டின் மாற்று மின்மூலமான வரலாறு

மின்தடை ஏற்படும்போது, மின்சாரக் காரின் மின்கலத்தில் சேமித்துள்ள ஆற்றலைக் கொண்டு வீட்டு விளக்குகளையும் கருவிகளையும் இயக்கும் முறை, 'வாகனத்திலிருந்து வீட்டிற்கு' மின்வழங்கல் எனப்படுகிறது. இம்முறை முதலில் பரவலான வீட்டுப் பயன்பாட்டிற்கு வந்த நாடு ஜப்பான். அதற்குக் காரணமாக அமைந்தது 2011-ஆம் ஆண்டின் பேரழிவாகும்.

தொடக்கக் கருத்து

நிற்கும் கார்களின் மின்கலங்களை மின்மூலமாகக் கொள்ளலாம் என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லெட் கெம்ப்டன், ஸ்டீவன் லெடெண்ட்ரே ஆகியோர் 1997-இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். கார்கள் நாளின் பெரும்பகுதி நேரம் ஓடாமல் நிற்கின்றன; அந்நேரத்தில் அவற்றின் மின்கலம் பயனின்றி இருக்கிறது என்பதே அவர்களது வாதத்தின் அடிப்படை. ஆனால் அப்போது சாலைகளில் மின்சாரக் கார்கள் மிகக் குறைவு. எனவே கருத்து பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே நின்றது.

ஜப்பானில் 2009-இல் மிட்சுபிஷி ஐ-மீவ் காரும், 2010 டிசம்பரில் நிசான் லீஃப் காரும் விற்பனைக்கு வந்தன. லீஃப் காரின் மின்கலக் கொள்ளளவு 24 கிலோவாட் மணி. பேச்சு வழக்கில் சொன்னால் 24 யூனிட்.

2011 நிலநடுக்கம்

2011 மார்ச் 11 பிற்பகலில் ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை தாக்கியது. வடகிழக்குப் பகுதியில் சுமார் 44 லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் செயலிழந்தது. மார்ச் 14 முதல் டோக்கியோவைச் சூழ்ந்த பகுதிகளில் முறைவைத்து மின்வெட்டு அமலானது.

மேற்கு ஜப்பானில் மின் நிலையங்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆயினும் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்சிலும் மேற்குப் பகுதி 60 ஹெர்ட்சிலும் இயங்குவதால், அங்கிருந்து போதிய மின்சாரம் கொண்டுவர இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டோக்கியோ ஜெர்மானிய இயந்திரங்களையும் ஒசாகா அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கியதால் நேர்ந்த பிரிவு இது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் சேதமுற்றதால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல இடங்களில் பெட்ரோல் கிடைப்பதற்கு முன்பே மின் இணைப்பு சீரானது. ஆகவே நிசான், மிட்சுபிஷி நிறுவனங்கள் அனுப்பிய மின்சாரக் கார்கள் நிவாரணப் பணிக்கு உதவின.

டொயோட்டாவின் எஸ்டிமா கலப்பின வாகனத்தில் 1500 வாட் வரை தரும் மின்செருகி இருந்தது. மின்சாரமில்லாத இடங்களில் அதுவும் பயன்பட்டது. ஆனால், மின்கலத்தில் நிறைய ஆற்றல் வைத்திருந்த மின்சாரக் கார்களிலிருந்து வீட்டிற்கு அதை எடுக்க அப்போது கருவி இல்லை. பனி பெய்யும் மார்ச் மாதத்தில் வெளிச்சமும் வெப்பமும் இன்றி மக்கள் தவித்தபோது இக்குறை பெரிதாகத் தெரிந்தது.

கருவி உருவாதல்

அடுத்த ஆண்டே தீர்வு வந்தது. 2012-இல் மிட்சுபிஷி, ஐ-மீவ் காருக்கு 1500 வாட் தரும் ஒரு பெட்டியை வெளியிட்டது. அதே ஆண்டு நிச்சிகான் நிறுவனம் தயாரித்த நிலையத்துடன் 'லீஃப் டு ஹோம்' அமைப்பை நிசான் அறிமுகம் செய்தது. இது 6 கிலோவாட் வரை வழங்கவல்லது. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 12 யூனிட் செலவிடுமானால், முழுதும் நிரம்பிய 24 யூனிட் மின்கலம் ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும்.

இயங்கும் முறை

காரின் மின்கலம் தருவது நேர்திசை மின்னோட்டம். வீட்டிற்குத் தேவைப்படுவது மாறுதிசை மின்னோட்டம். இரண்டுக்கும் இடையே உள்ள மாற்றி இவ்வேலையைச் செய்கிறது. ஜப்பானியக் கார்கள் பின்பற்றிய 'சாடெமோ' விரைவு மின்னேற்ற முறை, இருதிசையிலும் மின்சாரம் செல்ல இடமளித்தது பெரும் வசதியாயிற்று.

மின்தடையின்போது வீட்டைப் பொது மின்கம்பியிலிருந்து முற்றிலும் துண்டிக்க வேண்டும். இல்லையேல் காரின் மின்சாரம் தெருக்கம்பிக்குள் பாய்ந்து, அங்கே பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும். இதனால்தான் காரைச் சாதாரணக் கம்பியால் வீட்டு மின்செருகியில் இணைப்பது ஆபத்தானது.

2019 புயல்

2019 செப்டம்பர் 9 அன்று ஃபாக்ஸாய் புயல் சிபா மாகாணத்தைத் தாக்கியது. கிமிட்சு நகரில் உயர் அழுத்த மின்கோபுரங்கள் இரண்டு சாய்ந்தன. 9 லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. சில இடங்களில் இரண்டு வாரம் வரை மின்சாரம் வரவில்லை. கடும் வெயிலில் முதியோர் பெரிதும் வாடினர். அங்கு அனுப்பப்பட்ட மின்சாரக் கார்கள், பொதுக்கூடங்களிலும் காப்பகங்களிலும் மின்விசிறிகளை இயக்கவும் கைப்பேசிகளுக்கு மின்னேற்றவும் பயன்பட்டன. மின்சாரம் உள்ள ஊருக்குச் சென்று நிரப்பிக்கொண்டு திரும்ப முடிவது, வீட்டோடு நிலையாக இருக்கும் மின்கலத்திற்கு இல்லாத சிறப்பு.

பரவலும் வரம்புகளும்

2021-இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், வீட்டிற்கு 9.6 கிலோவாட் வரை தரும் எஃப்-150 லைட்னிங் வண்டியை அறிவித்தது. 2022-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 15118-20 தரநிலை, பிற மின்னேற்ற முறைகளிலும் இருதிசைப் பரிமாற்றத்திற்கு வழிவகுத்தது.

எனினும் குறைகள் உண்டு. இருதிசைக் கருவியின் விலை அதிகம். எல்லாக் கார்களும் இதற்கு ஏற்றவை அல்ல. அடிக்கடி பயன்படுத்தினால் மின்கலம் தேயும். மின்தடை வரும் நேரத்தில் கார் வெளியூரில் இருந்தாலோ, மின்கலம் காலியாக இருந்தாலோ பயனில்லை. வீட்டிற்கு எடுத்த ஒவ்வொரு யூனிட்டும், ஆபத்தில் தப்பிச் செல்லும் தூரத்தைக் குறைக்கும் என்பதையும் மறக்கலாகாது.

1997-இல் ஏட்டில் பிறந்த கருத்து வீட்டு வாசலுக்கு வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதில் கடைசி ஓராண்டின் விரைவு, பேரிடர் கற்பித்த பாடத்தின் விளைவு எனலாம்.